நூறு நாள் வேலையும் நம்ம களையெடுப்பும்

நம்ம உழவர் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் முற்பகல் முழுக்க ஜீவாமிர்தம், மூடாக்கு, விதை என்று பேச்சு ஓடும். சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருத்தர் எழுந்து "ஆள் கிடைக்கலீங்க" என்பார். அன்றைய பொழுது அதோடு முடிந்தது. ஆள் கிடைக்காததற்குக் காரணத்தையும் கூட்டமே ஒரே குரலில் சொல்லிவிடும். நூறு நாள் வேலை, ரேஷன் அரிசி, மாசம் ஆயிரம் ரூபாய்.

இப்போது அந்தப் பேச்சு தீர்மானமாக வந்திருக்கிறது. மத்திய அரசு 2025 டிசம்பரில் நிறைவேற்றிய புதுச் சட்டத்தில், விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் இந்த வேலையை நிறுத்தி வைக்க இடம் இருக்கிறது. எந்த 60 நாள் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். "சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு ஆடி, ஆவணி இரண்டு மாசமும் நிறுத்துங்கள் என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம்" என்று நம்ம நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. நான் எதிர்த்துக் கை தூக்கப் போகிறேன். கூட்டத்தில் ஐந்து நிமிசத்துக்கு மேல் பேச விடமாட்டார்கள். ஆகவே காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்ம புகாரையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு புகார் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. "சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள், வேலை வாங்கிக்கொண்டுதான் கொடுக்கவேண்டும்" என்பது ஒன்று. "நூறு நாள் வேலையை நிறுத்தவேண்டும்" என்பது இன்னொன்று. இந்தியாவில் வேலை செய்தால்தான் காசு என்று சட்டம் போட்டு நடத்துகிற திட்டங்களில் பெரியது நூறு நாள் வேலைதான். ரேஷன் அரிசிக்கு அந்த நிபந்தனை இல்லை, மகளிர் உரிமைத் தொகைக்கும் இல்லை. அப்படியானால் நிபந்தனை போடு என்று கேட்பவர்கள் இந்தத் திட்டத்தைத்தானே தாங்கிப் பிடிக்க வேண்டும்? ஆனால் நம்ம கூட்டத்தில் அதிகம் திட்டு வாங்குவது அதுதான். நமக்கு உண்மையில் வேண்டியது அவர்கள் வேலை செய்வது அல்ல. நம்ம காட்டில், நாம் கூப்பிடுகிற அன்றைக்கு, நாம் சொல்லுகிற கூலிக்கு வேலை செய்வது. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பேச்சு சுலபமாகிவிடும். உழவனுக்கு ஆள் வேண்டும் என்பது நியாயமான தேவைதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"உழைத்தால்தான் சோறு" என்கிற நிபந்தனை நம்ம மண்ணுக்குப் புதிதல்ல. தாது வருசப் பஞ்சம் என்று நம்ம பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான். பஞ்ச நிவாரணத்தில் செலவு அதிகமாகிறது என்று வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார். ஒரு நாள் முழுக்க மண் சுமந்த ஆணுக்கு 1 பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று டெம்பிள் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். அதோடு, வீட்டிலிருந்து 10 மைலுக்குள் இருக்கிற வேலைத்தளத்தில் திடகாத்திரமானவர்களைச் சேர்க்கக் கூடாது என்றும் ஒரு விதி வைத்தார்கள். உண்மையான பசி உள்ளவன்தானே அவ்வளவு தூரம் நடந்து வருவான் என்பது அவர்கள் கணக்கு. மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்தக் கூலியில் உழைக்கிற உடம்பு தேறாது என்று கடுமையாக எதிர்த்து எழுதினார். சில மாதத்தில் கூலியை உயர்த்த வேண்டி வந்தது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. 1871 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.6 லட்சம் பேர். 1881 கணக்கில் சுமார் 16 லட்சம். பஞ்சத்தில் செத்தவர்கள் போக, ஊரை விட்டுப் போனவர்களும் அந்தக் குறைவில் உண்டு.

நூறு நாள் வேலைச் சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 5 கிலோமீட்டருக்குள் வேலை தரவேண்டும், அதற்கு மேல் போனால் கூலியில் 10 சதம் கூடுதல். கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி. ஒப்பந்தக்காரரும் ஆளை விரட்டுகிற இயந்திரமும் கூடாது. இரண்டு திட்டமும் வேலை வாங்கிக்கொண்டு காசு தருவதுதான். முதலாவது ஆளை விரட்டுவதற்காக எழுதப்பட்டது, இரண்டாவது ஆள் கேட்பதற்காக எழுதப்பட்டது. மகாராஷ்டிரம் 1972 வறட்சியில் செய்து பார்த்து, 1977-ல் வேலை உறுதிச் சட்டமாகவே கொண்டுவந்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் 2005 தேசியச் சட்டம் பிறந்தது. 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரல் 1 முதல் நம்ம இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது.

அந்த 2008-ஐ எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, வேறொரு காரணத்துக்காக. அப்போது நான் ஒரு கிளையில் விவசாயக் கடன் பிரிவில் இருந்தேன். அந்த வருசம்தான் மத்திய அரசின் கடன் தள்ளுபடி. 5 ஏக்கருக்குள் உள்ளவர்களுக்கு நிலுவை முழுக்கத் தள்ளுபடி, அதற்கு மேல் உள்ளவர்கள் 75 சதம் கட்டினால் 25 சதம் கழிவு. பயனாளிகள் பட்டியலை அடித்துக் கிளை வாசலில் ஒட்டினோம். கூட்டம் தாங்கவில்லை. அந்தப் பட்டியலில் இருந்த ஒருத்தரிடமும் "நீ அந்த வருசம் வெள்ளாமை வைத்தாயா, எத்தனை நாள் காட்டில் இறங்கினாய்" என்று கேட்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வரவில்லை. வரக் கூடாது என்பதுதான் என் கருத்தும். கடன்பட்ட உழவனைக் காப்பாற்ற வந்த திட்டம் அது. 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆனதே, அதிலும் இப்படி ஒரு கேள்வி இல்லை. பி.எம். கிசான் என்று வருசம் 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது. நிலம் பேரில் இருந்தால் போதும். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுச் சென்னையில் இருக்கிறவருக்கும் வருகிறது.

மோட்டாருக்கு இலவச மின்சாரம். அதை இலவசம் என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. வரவேண்டியதுதான். 1970 ஜூனில் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்கள் எல்லாம் சேர்ந்துதான் 1990-ல் எல்லா உழவர்களுக்கும் இலவச மின்சாரம் என்று ஆனது. அதனால் அது உரிமை. சரி. 2023 செப்டம்பர் 15 முதல் பெண்களுக்கு மாசம் வருகிற ஆயிரத்துக்கு அரசே உரிமைத் தொகை என்றுதான் பேர் வைத்தது. வீட்டில் கூலியில்லாமல் அவர்கள் செய்கிற வேலைக்கான அங்கீகாரம் அது என்பது அரசு சொன்ன காரணம். நன்செய் 5 ஏக்கருக்கு மேலோ, புன்செய் 10 ஏக்கருக்கு மேலோ உள்ள குடும்பத்துக்கு அது கிடையாது. நம்மில் பல பேர் வீட்டில் அதை வாங்குகிறார்கள், வாங்கட்டும். நமக்கு வந்தால் உரிமை, அடுத்தவருக்கு வந்தால் இலவசம் என்று இரண்டு பேரேடு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது. முப்பது வருசம் பேரேடு பார்த்தவனுக்கு அது கண்ணில் படத்தானே செய்யும்.

இனி ஆள் பிரச்சினைக்கு வருவோம். நூறு நாள் என்பது ஒரு ஆளுக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு. மாமியாரும் மருமகளும் போனால் ஆளுக்கு ஐம்பது. நாடு முழுக்கச் சராசரி பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு வருசத்தில் ஐம்பது நாள் அளவில்தான் வேலை கிடைத்து வந்தது. தமிழ்நாட்டில் 2024-25-ல் அறிவித்த தினக்கூலி 319, 2025-26-ல் 336. நூறு நாளும் முழுசாகக் கிடைத்து, அளவும் முழுசாக வந்தால்கூட ஒரு குடும்பத்துக்கு 33,600 ரூபாய். எங்கள் பக்கம் களை வெட்ட வருகிற பெண்ணுக்கு நான் 350 கொடுக்கிறேன், காலை எட்டு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை. நம்ம கூலி அதைவிடக் கூடுதல், வேலை நேரமும் குறைவு, காசு அன்றைக்கே கையில். அங்கே கூலி வர எத்தனை வாரம் ஆகும் என்று சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு 4,034 கோடி நிலுவை என்று போராட்டமே நடந்தது. இவ்வளவுக்கும் பிறகு அங்கே போகிறார்கள் என்றால் ஏன் போகிறார்கள்?

எங்கள் காட்டுக்குக் களையெடுக்க வருகிற ஒரு அக்காவிடம் இதைக் கேட்டேன். அறுபது வயசு தாண்டியவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க சார், உங்க காட்டுல வருசத்துக்கு எனக்கு எத்தன நாளைக்கு வேலை இருக்குதுங்க? இருவது நாளு. பக்கத்துக் காட்டுல ஒரு இருவது. மிச்ச நாளைக்கு நா என்னத்தத் திங்கறது? அங்க போனா கொத்து புடிக்க முடியாதவளுக்கும் ஒரு வேலை இருக்குதுங்க. யாருகிட்டயும் கையக் கட்டி நிக்க வேண்டியதில்ல."

கடைசியாகச் சொன்னது முக்கியம். 2008-க்கு முன்பு நம்ம பக்கம் களையெடுக்கிற பெண்ணுக்கு என்ன கூலி கொடுத்தோம், எப்படிப் பேசினோம், எந்தத் தட்டில் சோறு போட்டோம் என்பதெல்லாம் ஐம்பது வயசு தாண்டியவர்களுக்குத் தெரியும். அந்த வருசம் நூறு நாள் வேலையில் 80 ரூபாய் கூலி என்று அறிவிப்பு வந்தபோது ஊருக்குள் ஏற்பட்ட பேச்சும் தெரியும். கூலிக்கு ஒரு அடித்தளம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. நம்மில் சிலருக்கு இன்னமும் ஆறாதது அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

வயசுப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? நூறு நாள் வேலைத்தளத்தில் போய்த் தேடினால் கிடைக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள், அதிலும் எங்கள் ஊரில் பாதிப் பேர் வயசானவர்கள். ஆண்பிள்ளைகள் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வடநாட்டுக்குப் போர் போடப் போய்விட்டார்கள். லாரியில் இருக்கிறார்கள், பாடி கட்டுகிற பட்டறையில் இருக்கிறார்கள், திருப்பூரில் இருக்கிறார்கள். பொண்ணுங்க படித்துவிட்டு மில்லுக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும் ஆத்தூர், ராசிபுரம் பக்கச் சேகோ ஆலைகளிலும் பீகார், ஒடிசா பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அந்த முதலாளிகள் யாரும் நூறு நாள் வேலையால் ஆள் போச்சு என்று அழுவதில்லை. நம்ம பிள்ளைகளையே நாம் காட்டில் இறக்குவதில்லையே, கூலிக்காரர் பிள்ளை மட்டும் ஏன் இறங்கவேண்டும்? நாளைக்கே நூறு நாள் வேலையை மொத்தமாக மூடினாலும் இதில் ஒருத்தர்கூட நம்ம வரப்புக்குத் திரும்பி வரப்போவதில்லை. வரப்போவது அந்த அக்காதான், கொஞ்சம் குறைந்த கூலிக்கு.

"மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுக் காசு வாங்குகிறார்கள்" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சில இடத்தில் உண்மைதான். ஒரே வாய்க்காலை வருசா வருசம் சுரண்டுகிற கூத்தும் உண்டு. ஆனால் உட்கார்ந்திருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவு கைப்பேசி செயலியில்தான். காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம். கொடுத்த அளவு மண்ணைப் பதினோரு மணிக்கே வெட்டி முடித்தவரும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. முன்பெல்லாம் வேலையை முடித்துவிட்டு மதியம் நம்ம காட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள்கூட இப்போது வர முடிவதில்லை. வேலை செய்கிறார்களா என்று பார்க்க வைத்த கெடுபிடி அவர்களை உட்கார வைத்திருக்கிறது.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ளதில்லை. அமெரிக்காவில் ஆர்கன்சா என்கிற மாநிலம் 2018-ல், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டுமானால் மாசம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டவேண்டும் என்றது. சில மாதத்தில் 18,000 பேருக்கு மேல் காப்பீடு போனது. ஆய்வு செய்தவர்கள், வேலையில் இருப்போர் எண்ணிக்கை கூடவில்லை என்றார்கள். பலர் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள், கணக்குக் காட்டத் தெரியவில்லை. மறு வருசம் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2025 ஜூலையில் அதே 80 மணி நேரத்தை அந்த நாட்டுக்கே சட்டமாக்கிவிட்டார்கள்! கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்கிற முறையில் எனக்கு இது ஆச்சரியமில்லை. ஒரு நிபந்தனை கூடினால் ஒரு படிவம் கூடும். ஒரு படிவம் கூடினால் வரிசையில் முதலில் விழுகிறவர் ஏமாற்றுக்காரர் அல்ல, எழுதத் தெரியாதவர். ஆதாரில் பேர் ஒரு எழுத்து மாறியதற்காகக் கூலி திரும்பிப் போன எத்தனையோ பேர் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன்னால் நின்றிருக்கிறார்கள்.

சரி, அந்த 60 நாள். இது புதுச் சட்டத்தில் திடீரென்று முளைத்ததல்ல. இந்த வேலையை விவசாயத்தோடு எப்படி இணைப்பது என்று பார்க்க 2018-லேயே சிவராஜ் சிங் சவுகான் தலைமையில் முதலமைச்சர்கள் குழு ஒன்று போட்டார்கள். அவரே இப்போது மத்திய அமைச்சராக இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நூறு நாள் 125 ஆகிறது, நல்லது. முன்பு உடலுழைப்புக் கூலி முழுக்க மத்திய அரசு பொறுப்பு. இனி 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம். மாநிலத்திடம் காசு இல்லை என்றால் 125 என்பது ஏட்டில் இருக்கும்.

நிறுத்துகிற 60 நாளை ஆடி, ஆவணி என்று நாம் எழுதிக் கொடுத்தால் யாருக்கு லாபம்? ஆடிப்பட்டத்தில் கடலைக்காயும் சோளமும் போடுகிற மேட்டாங்காட்டுக்காரருக்குக் கொஞ்சம் உதவும். மஞ்சள் நடவு வைகாசி, ஆனியில் தொடங்கிவிடும், வெட்டு தை, மாசியில். குச்சிக்கிழங்கு ஒரு பக்கம் நட்டுக்கொண்டும் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டும் இருப்போம். மோகனூர், பரமத்தி வேலூர்க் காவிரிக் கரைக்கு நெல், வாழை, வெற்றிலை என்று வேறு கணக்கு. சின்ன வெங்காயத்துக்கு வேறு கணக்கு. ஒரே மாவட்டத்துக்குள் நமக்கு ஒரே சீசன் கிடையாது. அந்த இரண்டு மாசத்தில் மழை தவறினால் நம்மிடமும் வேலை இருக்காது, அங்கேயும் கதவு சாத்தியிருக்கும். அந்த அக்கா அப்போது எங்கே போவார்?

"நிறுத்தவேண்டாம், ஆட்களை நம்ம காட்டுக்கு அனுப்பச் சொல்லிப் பாதிக் கூலி அரசு தரட்டும்" என்று இன்னொரு யோசனை சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார் காட்டுக்கு முதலில் அனுப்புவார்கள்? இரண்டு ஏக்கர்க்காரர் காட்டுக்கா, ஊராட்சியில் செல்வாக்குள்ள இருபது ஏக்கர்க்காரர் காட்டுக்கா? அளவு குறைந்தால் கூலியை வெட்டுவது யார்? தோட்டத்துக்காரரே மேற்பார்வையும் பார்த்தால் பழைய பண்ணையாள் முறை அரசு முத்திரையோடு திரும்பி வந்த மாதிரி ஆகிவிடும்.

களைக்கு நம்ம கையில் இருக்கிற வழி வேறு. இரசாயனக்காரர் களைக்கொல்லி அடித்துவிட்டுப் போகிறார், நமக்கு அது இல்லை, ஆகவே நமக்குத்தான் ஆள் அதிகம் தேவை என்பது வாஸ்தவம். என் மஞ்சளில் ஏக்கருக்கு ஒரு களைக்குப் பன்னிரண்டு, பதினைந்து பெண்கள் என்று நாலு களை எடுத்துக்கொண்டிருந்தேன். நட்டவுடன் கரும்புத் தோகையும் தென்னை மட்டைத் தூளும் கனமாக மூடாக்குப் போட்டு, இடையில் தட்டைப்பயறும் விட்ட பிறகு இரண்டு களையோடு நிற்கிறது. கோரை மட்டும் இன்னும் அடங்கவில்லை, அதைக் கையால்தான் எடுக்கிறோம். வருகிற பெண்களுக்கு ஒரு வாரம் முன்பே தேதி சொல்லிவிடுகிறேன், வேலை முடிந்த அன்றே கூலி. தளத்தில் வேலை இருக்கிற வாரத்தில் நான் களை வைப்பதில்லை. பணித்தளப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

நாம் கோட்டைவிட்டது இன்னொன்று. சட்டப்படி செலவில் 60 சதமாவது விவசாயம் சார்ந்த வேலைக்குப் போகவேண்டும். வேலை அட்டை வைத்திருக்கிற சிறு, குறு உழவர்கள், ஆதிதிராவிடர், பழங்குடிக் குடும்பங்கள் இவர்களுடைய சொந்த நிலத்திலேயே பண்ணைக்குட்டை, மண்வரப்பு, மண்புழு உரத் தொட்டி, மாட்டுக் கொட்டகை, மரக்கன்று நடவு எல்லாம் செய்ய இடம் இருந்தது. அந்தக் குடும்பமும் கூட நின்று வேலை செய்யவேண்டும், கூலி அவர்களுக்கும் உண்டு. இயற்கை விவசாயத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நம்ம உறுப்பினர்களில் எத்தனை பேர் வேலை அட்டை வாங்கினோம்? அது கூலிக்காரர் சமாச்சாரம் என்று கௌரவம் பார்த்து ஒதுங்கிவிட்டோம்.

கூட்டத்தில் நான் வைக்கப் போகிற மாற்றுத் தீர்மானம் இதுதான். 60 நாளைத் தொடர்ச்சியாக நிறுத்தக் கூடாது, ஊராட்சி வாரியாக, அந்த ஊர் வெள்ளாமையைப் பார்த்து, கூலிக்காரப் பெண்களும் உட்கார்ந்த கிராம சபையில் நாள் குறிக்கவேண்டும். ஏரி, வாய்க்கால் வேலைகளைப் பங்குனி, சித்திரையில் வைக்கவேண்டும். வேலையை முடித்தவரை இரண்டாவது படத்துக்காக உட்கார வைக்கக் கூடாது. சிறு உழவர் நிலத்துக் குட்டையும் உரத்தொட்டியும் புது வேலைப் பட்டியலில் இருக்கவேண்டும்.

அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் பட்டா நகல், சிறு குறு விவசாயி சான்று, ஆதார் நகல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மனுவை வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டதைப் பார்த்துவிட்டு வாருங்கள். குட்டைக்கு இடம் காட்டும்போது மேட்டில் காட்டாதீர்கள், மழைத் தண்ணி வந்து நிற்கிற தாழ்வான மூலையாகப் பார்த்துக் காட்டுங்கள்.